டீசல் கார் ஸ்டார்ட் ஆகச் சிரமப்பட்டால் காரணத்தைக் கண்டறிவது எப்படி

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டருக்குள் அடைபட்ட காற்று, இன்ஜினின் வடிவமைப்பைப் பொறுத்து, தன் கொள்ளளவில் 15-இல் ஒரு பங்கு முதல் 22-இல் ஒரு பங்கு வரை சுருக்கப்படுகிறது. அப்படி நெருக்கப்படும் காற்று 500 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் நுண்ணிய தூறலாகப் பீய்ச்சப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. ஆகவே செல்ஃப் மோட்டார் போதிய வேகத்தில் சுற்ற வேண்டும், காற்று கசியாமல் சுருங்க வேண்டும், டீசல் உரிய அழுத்தத்தோடு உரிய நேரத்தில் வந்து சேர வேண்டும். இன்ஜின் குளிர்ந்திருந்தால், இம்மூன்றுக்கும் துணையாக ஹீட்டர் பிளக் வெப்பத்தைத் தருகிறது.

ஓடத் தொடங்கிவிட்ட இன்ஜின் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்வதால், சிறு குறைகள் ஓட்டத்தில் மறைந்துவிடுகின்றன. ஸ்டார்ட் ஆகும் முதல் சில நொடிகளில் மட்டும் அவை மறைய முடியாது. நல்ல நிலையில் இருக்கும் டீசல் இன்ஜின் ஒன்றிரண்டு நொடிகளில் பிடித்துக்கொள்ள வேண்டும். ஐந்து நொடி, பத்து நொடி என்று அது நீளத் தொடங்கினால், எங்கோ ஒரு தேய்மானமோ கசிவோ வளர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் பலரும் முதலில் ஹீட்டர் பிளக்குகளை மாற்றுகிறார்கள், பிறகு பேட்டரியை, பிறகு பம்பை; மூன்றுக்கும் செலவழித்த பிறகும் வண்டி பழையபடியே நிற்கிறது. உதிரிபாகத்தைக் கழற்றும் முன் கவனித்துக் குறித்துக்கொள்ள வேண்டியவை ஏராளமாக இருக்கின்றன. அவற்றுக்கு விலையும் இல்லை.

எப்போது சிரமப்படுகிறது?

எல்லாவற்றுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். சில நாட்களுக்கு ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும், வண்டி எத்தனை மணி நேரம் நின்றது, இன்ஜின் சூடாக இருந்ததா, எத்தனை நொடி சுற்றியது, எந்த நிறத்தில் புகை வந்தது ஆகியவற்றை எழுதி வையுங்கள். இந்தக் குறிப்பு பாதி வேலையை முடித்துவிடும்.

குளிர்ந்த காலையில் மட்டும் சிரமப்பட்டு, வெண்புகையோடு தடுமாறி ஓடி, ஓரிரு நிமிடங்களில் சீராகிவிட்டால், ஹீட்டர் பிளக், வலுவிழந்த பேட்டரி, குறைந்துவரும் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று சுருங்கும் அழுத்தம்) ஆகிய மூன்றில் ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும். உறையும் குளிர் நிலவும் இடங்களில் டீசலில் உள்ள மெழுகு திரண்டு ஃபில்டரை அடைப்பதும் உண்டு.

குளிர் இல்லாத நாளிலும் இரவு முழுவதும் நின்ற வண்டி வெகுநேரம் சுற்றி, புகையே விடாமல் இருந்து, திடீரென்று பிடித்துக்கொள்கிறது. பிறகு அன்று முழுவதும் எந்தத் தொல்லையும் இல்லை என்றால், அது வெப்பக் குறைபாடு அன்று. குழாயில் இருந்த டீசல் இரவில் டாங்க்கை நோக்கித் திரும்பிவிட்டது, அதன் இடத்தைக் காற்று பிடித்துக்கொண்டது என்பதே பொருள். முதல் வகையையும் இந்த வகையையும் ஒன்றாகக் கருதிவிடுவதால்தான் நல்ல ஹீட்டர் பிளக்குகள் வீணாக மாற்றப்படுகின்றன.

இன்ஜின் சூடாக இருக்கும்போது மட்டும் சிரமப்பட்டு, ஆறிய பிறகு எளிதாக எடுத்தால், சந்தேகம் வேறு பக்கம் திரும்ப வேண்டும். சூட்டில் டீசலின் அடர்த்தியும் பிசுபிசுப்பும் குறைவதால், தேய்ந்த இன்ஜெக்டர் (டீசலைப் பீய்ச்சும் பாகம்) வழியாகவும் தேய்ந்த உயர் அழுத்தப் பம்ப் வழியாகவும் கசிவு கூடுகிறது. ஸ்டார்ட் ஆகத் தேவையான அழுத்தம் ஏறுவதில்லை. இன்ஜின் சுற்றும் நிலையைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் சூடேறியதும் வேலை செய்ய மறுத்தால், அதுவும் இதே அறிகுறியைக் காட்டும். இந்த வகையில் ஹீட்டர் பிளக்கைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை.

புகையும் ஒலியும்

ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றொருவர் வண்டிக்குப் பின்னால் நின்று சைலன்சரைப் பார்க்க வேண்டும். இன்ஜின் சுற்றும்போது புகை சிறிதும் வரவில்லை என்றால், சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. வெண்மையாகவோ சாம்பல் நிறமாகவோ, கண்ணை உறுத்தும் டீசல் வாசனையோடு புகை வந்தால், டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. குறை வெப்பத்திலோ கம்ப்ரஷனிலோ டீசல் பீய்ச்சப்படும் நேரத்திலோ இருக்கிறது. கரும்புகை வந்தால் காற்று போதவில்லை, அல்லது டீசல் மிகுதியாகப் போகிறது. ஏர் ஃபில்டர் அடைப்பு, மூடியபடி சிக்கிக்கொண்ட காற்று அடைப்பான், திறந்தபடி சிக்கிக்கொண்ட ஈஜிஆர் வால்வு (எரிந்த புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் விடுவது) ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

ஒலியையும் கேளுங்கள். எல்லாச் சிலிண்டர்களும் ஒரே அளவில் காற்றைச் சுருக்கினால், செல்ஃப் சுற்றும் ஒலி சீரான தாளத்தில் இருக்கும். ஒரு துடிப்பு மட்டும் வழுக்கிக்கொண்டு போவதுபோல் கேட்டால் ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவு. எந்த எதிர்ப்பும் இல்லாமல் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றினால், உடனே நிறுத்துங்கள்; டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம், மேலும் சுற்றினால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதிச் சேதம் கூடும்.

எந்தச் சோதனையிலும் செல்ஃபைத் தொடர்ந்து 10 நொடிக்கு மேல் சுற்ற வேண்டாம். ஒவ்வொரு முயற்சிக்கும் இடையில் ஒரு நிமிடமாவது ஆற விடுங்கள். ஈதர் கலந்த ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயை ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் பயன்படுத்தவே கூடாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிவக்கக் காய்ந்த பிளக்கின் முனையில் அது உரிய நேரத்துக்கு முன்பே வெடிப்பதால் பிஸ்டனும் ரிங்கும் உடைகின்றன. குறையைத் தேடி வந்தவர் புதிய குறையை உண்டாக்கிக்கொண்டு போக நேரிடும்.

பேட்டரியும் செல்ஃபும்

டீசல் இன்ஜினைப் பொறுத்தவரை, செல்ஃப் சுற்றுவது வேறு, போதிய வேகத்தில் சுற்றுவது வேறு. நிமிடத்துக்கு 200 முதல் 250 சுற்று வரை இருந்தால் நலம். 150-க்குக் கீழே போனால் பெரும்பாலான இன்ஜின்கள் பிடிக்காது. மெதுவாகச் சுற்றும்போது காற்றுக்குப் பிஸ்டன் ரிங் வழியாகக் கசிய நேரம் கிடைக்கிறது, சுருங்கிய காற்றின் சூடு சிலிண்டர் சுவருக்குப் போய்விடுகிறது, காமன் ரெயில் வண்டியானால் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும் வகை) ரெயில் அழுத்தமும் ஏறாது. வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் இருந்தால் செல்ஃப் சுற்றும்போதே சுற்று வேகத்தைத் திரையில் பார்க்கலாம்.

மல்டிமீட்டரை எடுத்து, வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு பேட்டரியை அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறத்தாழப் பாதிதான். ஆனால் ஓய்வில் நல்ல வோல்ட் காட்டும் பேட்டரி, பாரம் விழுந்ததும் சரிந்துவிடலாம். எனவே செல்ஃப் சுற்றும்போதும் அளக்க வேண்டும். மிதமான வெப்பநிலையில் அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து மறுபடி பார்த்துவிட்டு, அப்போதும் இறங்கினால் பேட்டரியையோ மிகுதியாக மின்சாரம் இழுக்கும் செல்ஃப் மோட்டாரையோ ஆராய வேண்டும்.

பேட்டரியில் வோல்ட் குறையாமல், செல்ஃப் மட்டும் மந்தமாகச் சுற்றினால், கம்பிகளைப் பாருங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறுமுனையை இன்ஜின் உலோகத்தில் துரு இல்லாத இடத்திலும் வைத்து, செல்ஃப் சுற்றும்போது அளக்க வேண்டும். 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பில் தடை இருக்கிறது. பாசிட்டிவ் முனையிலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய டெர்மினல் வரை அதேபோல அளந்தால் 0.5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. என்னிடம் வந்த ஒரு காருக்கு அதற்குள் இரண்டு பேட்டரிகளும் ஒரு செல்ஃப் மோட்டாரும் மாற்றப்பட்டிருந்தன. உண்மையில் கியர்பாக்ஸுக்கும் பாடிக்கும் இடையே செல்லும் எர்த் பட்டை, போல்ட்டுக்கு அடியில் பச்சை பூத்து அரித்துப்போயிருந்தது. கம்பித் தூரிகையால் தேய்த்து இறுக்கியதும் முதல் முயற்சியிலேயே வண்டி எடுத்தது. அன்று முதல், பேட்டரியைப் பற்றிப் பேசும் முன் எர்த்தை அளக்காமல் நான் விடுவதில்லை.

ஹீட்டர் பிளக்

குளோ பிளக் என்று புத்தகங்களில் வரும் இதைப் பட்டறைகளில் ஹீட்டர் பிளக் என்றே சொல்கிறோம். இது எந்த அளவுக்கு முக்கியம் என்பது இன்ஜினின் வகையைப் பொறுத்தது. டீசலை முதலில் ஒரு சிறு அறைக்குள் பீய்ச்சும், முன்னறை உள்ள பழைய இன்ஜின்களில் சுருங்கிய காற்றின் சூட்டைக் குறுகலான அறையின் சுவர்கள் உறிஞ்சிவிடுவதால், மிதமான வெப்பநிலையிலும் ஹீட்டர் பிளக் இல்லாமல் அவை எளிதில் எடுக்காது. நேரடியாகப் பிஸ்டன் மேலேயே டீசலைப் பீய்ச்சும் இக்கால இன்ஜின்கள், மிதமான வெப்பநிலையில் ஹீட்டர் பிளக் வேலை செய்யாவிட்டாலும் பெரும்பாலும் எடுத்துவிடும். புகையும் தடுமாற்றமும் மட்டும் இருக்கும். ஆகவே வெப்பமான நாளில் இத்தகைய இன்ஜின் எடுக்க மறுத்தால், பழியை ஹீட்டர் பிளக் மேல் போடுவதற்கு முன் வேறு காரணங்களைத் தேட வேண்டும்.

சோதனை எளிது. பிளக்கின் மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, பிளக்கின் முனைக்கும் இன்ஜின் உலோகத்துக்கும் இடையே தடையை அளந்தால், நல்ல பிளக் பொதுவாக 0.5 முதல் 2 ஓம் வரை காட்டும். எல்லையற்ற தடை என்றால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. எல்லாப் பிளக்குகளும் ஒத்த அளவைக் காட்டுகின்றனவா என்று ஒப்பிடுவது தனித்தனி அளவைவிடப் பயனுள்ளது. பிளக்குகள் நன்றாக இருந்தால், அடுத்து அவற்றுக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும்: சாவியைப் போட்டு, ஹீட்டர் விளக்கு எரியும்போது அளந்தும் மின்சாரம் வரவில்லை என்றால், ஃபியூஸ், ரிலே, கட்டுப்பாட்டுப் பெட்டி என்று பின்னோக்கிச் செல்லுங்கள். இன்ஜின் குளிர்ச்சியாக இருக்கும்போது இதைச் செய்ய வேண்டும். சூடான இன்ஜினில் மின்சாரமே அனுப்பப்படாமல் இருக்கலாம்.

பழைய முறைப்படி பிளக்கைக் கழற்றி நேரடியாகப் பேட்டரியில் வைத்துச் சிவக்கிறதா என்று பார்ப்பது இப்போது ஆபத்தான பழக்கம். புதிய வண்டிகளில் பலவற்றில் 4.4, 5, 7 வோல்ட்டுக்கான பிளக்குகள் இருக்கின்றன; 12 வோல்ட் கொடுத்தால் நொடிகளில் எரிந்துபோகும். பிளக்கின் உடலில் பொறித்துள்ள வோல்ட்டைப் படித்த பிறகே எதையும் முடிவு செய்யுங்கள். கழற்றும்போதும் நிதானம் தேவை: இன்ஜின் சூடாக இருக்கும்போது, துரு நீக்கும் எண்ணெயை ஊற விட்டு, தயாரிப்பாளர் குறித்த முறுக்கு அளவைத் தாண்டாமல் திருப்ப வேண்டும். ஹெட்டுக்குள் முறிந்த பிளக்கை எடுக்க ஹெட்டையே இறக்க வேண்டி வரலாம்.

டீசல் வந்து சேரும் வழி

முதலில் அண்மையில் எங்கே, எப்போது டீசல் நிரப்பப்பட்டது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். தவறிப் பெட்ரோல் கலந்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், சாவியையே போட வேண்டாம். டீசலின் மசகுத் தன்மையை நம்பி ஓடும் பம்ப் பெட்ரோலில் தேய்ந்து, உலோகத் துகள்களை முழு அமைப்புக்கும் அனுப்பிவிடும். அடுத்து ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்திக் கண்ணாடிக் குடுவையில் சிறிது வடித்துப் பார்த்தால், நீர் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும், அழுக்கும் தெரியும். ஃபில்டர் மாற்றும் கெடு கடந்திருந்தால் மாற்றிவிடுவதே நல்லது.

இரவில் டீசல் பின்வாங்குகிறதா என்று அறிய, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் ஃபில்டர் மேல் உள்ள கைப் பம்பை அது இறுகும் வரை அழுத்துங்கள். டாங்க்குக்குள் மின் பம்ப் உள்ள வண்டியானால், சாவியை ஸ்டார்ட் நிலைக்குக் கொண்டுபோகாமல் இரண்டு மூன்று முறை போட்டு நிறுத்தி, பம்பின் முனகல் ஓயும் வரை காத்திருங்கள். இதைச் செய்ததும் முதல் சுற்றிலேயே வண்டி எடுத்தால், காற்று நுழையும் வழியைத் தேட வேண்டும். டாங்க்கிலிருந்து டீசலை உறிஞ்சும் இழுவைக் குழாயில் காற்று உள்ளே போகும். ஆனால் டீசல் வெளியே சொட்டாமல் இருக்கலாம் என்பதால் கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கடினம். ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாகப் பொருத்தி, செல்ஃப் சுற்றும்போது குமிழிகள் ஓடுகின்றனவா என்று பார்ப்பதே நம்பகமான வழி. குமிழி தெரிந்தால், ஃபில்டரின் ரப்பர் வளையம், வெடிப்பு விழுந்த ரப்பர் குழாய், தளர்ந்த கிளிப், டீசல் பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் திரும்பாவால்வு, இன்ஜெக்டர்களில் மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாய்கள் என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய வண்டியில், பம்பின் மேல் இருக்கும் டீசல் நிறுத்தும் சொலினாய்டுக்கு (மின்காந்த வால்வு) சாவி போட்டவுடன் 12 வோல்ட் வருகிறதா, 'டிக்' என்ற ஒலி கேட்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகும் புகை வரவில்லை என்றால், இன்ஜெக்டர் குழாயின் நட்டைச் சற்றே தளர்த்தி, செல்ஃப் சுற்றும்போது டீசல் வருகிறதா என்று பார்க்கலாம். அமைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றுவதும் அவ்வாறே.

காமன் ரெயில் வண்டியில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது. அதில் ஓட்டத்தின்போது அழுத்தம் 1,600 பார் (ஒரு பார் ஏறத்தாழ வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம்), சிலவற்றில் 2,000 பாருக்கு மேலும் ஏறும். ஊசி முனை அளவுக் கசிவிலிருந்து வரும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகுந்துவிடும். மேலே சிறு புள்ளி மட்டுமே தெரிந்தாலும், அது உடனடி அறுவை சிகிச்சை வேண்டிய காயம். கையால் தடவிக் கசிவைத் தேடாதீர்கள்; இன்ஜினை நிறுத்திச் சில நிமிடங்கள் கழியாமல் எந்த நட்டையும் தொடாதீர்கள்.

இவ்வகை வண்டிக்கு ஸ்கேனர்தான் கண். செல்ஃப் சுற்றும்போது ரெயில் அழுத்தத்தைப் பாருங்கள். ஏறத்தாழ 200 முதல் 250 பார் வரை ஏறாத வரை, பல இன்ஜின்களில் கட்டுப்பாட்டுக் கணினி இன்ஜெக்டர்களைத் திறக்கவே உத்தரவிடாது; துல்லியமான அளவை அந்த இன்ஜினின் பட்டறைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அழுத்தம் ஏறாதபோது பி 0087 என்ற பிழைக் குறியீடு பதிவாகியிருக்கலாம். உடனே பம்பை மாற்றும் முடிவுக்குப் போக வேண்டாம். குழாயில் தண்ணீர் வராததற்கு மோட்டார் மட்டும் காரணம் அன்று, எங்காவது திறந்து கிடக்கும் மற்றொரு குழாயும் காரணமாகலாம் அல்லவா? அந்தத் 'திறந்த குழாய்' பெரும்பாலும் தேய்ந்த இன்ஜெக்டர்தான். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் கழற்றி, ஒரே அளவுள்ள தனித்தனிக் குடுவைகளில் விட்டு, செல்ஃபைச் சுற்றிப் பாருங்கள். மற்றவற்றைவிட வெகு மிகுதியாக நிரப்பும் இன்ஜெக்டர்தான் அழுத்தத்தைக் கசிய விடுகிறது. சூட்டில் மட்டும் தோன்றும் குறையானால், இந்தச் சோதனையையும் இன்ஜின் சூடாக இருக்கும்போதே செய்ய வேண்டும். பீசோ வகை (மின்சாரம் பாய்ந்தால் விரியும் படிகத்தால் இயங்கும்) இன்ஜெக்டர்கள் சிலவற்றுக்கு ரிட்டர்ன் குழாயிலும் அழுத்தம் இருந்தால்தான் வேலை செய்ய முடியும். அங்கே குழாயைக் கழற்றினால் நல்ல இன்ஜினும் எடுக்காது என்பதால், அவற்றுக்குரிய தனிக் கருவியைப் பயன்படுத்த வேண்டும். எல்லாக் குடுவைகளிலும் சிறிதளவே சேர்ந்து, ரெயிலின் அழுத்தம் காக்கும் வால்வும் கசியாமல், பம்புக்கு வரும் டீசலும் போதுமானதாக இருந்தால், அப்போது பம்பைச் சந்தேகியுங்கள்.

சென்சார்கள்

செல்ஃப் சுற்றும்போது ஸ்கேனரில் சுற்று வேகம் சுழி என்றே நின்றால், கிராங்க் சென்சாரின் தகவல் வரவில்லை. பி 0335 குறியீடு இருக்கலாம். இன்ஜின் எந்த இடத்தில் சுற்றுகிறது என்று தெரியாமல் கணினி டீசலை அனுப்பாது. திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரின் விளக்கு மின்னினாலும் அதே விளைவுதான்.

வெப்ப சென்சார்களை ஆராய நல்ல வாய்ப்பு, இரவு முழுவதும் நின்ற வண்டி. காலையில் சாவியை மட்டும் போட்டு, கூலன்ட், உள்வரும் காற்று, டீசல் ஆகிய மூன்றின் வெப்பநிலையையும் படியுங்கள். மூன்றும் சில டிகிரிக்குள் ஒத்திருக்க வேண்டும். கூலன்ட் மட்டும் 80 டிகிரி என்று காட்டினால், இன்ஜின் சூடாக இருப்பதாகக் கணினி நம்பி, ஹீட்டர் பிளக்குகளை இயக்காமலும் டீசலைக் குறைத்தும் அனுப்பும். அதே வேளையில் ரெயில் அழுத்தத்தையும் பாருங்கள். பல மணி நேரம் நின்ற இன்ஜினில் அது சுழிக்கு மிக அருகில் இருக்க வேண்டும், இல்லையேல் அழுத்த சென்சாரோ அதன் கம்பியோ பொய் சொல்கிறது.

கம்ப்ரஷன்

பேட்டரி, பிளக், டீசல் மூன்றும் சரியாக இருந்து, வெண்புகையும் தொடர்ந்தால்தான் கம்ப்ரஷனை அளக்க வேண்டும். டீசலுக்கான அளவியையே பயன்படுத்துங்கள். பெட்ரோல் இன்ஜினுக்கான அளவி இந்த அழுத்தத்தைத் தாங்காது. ஹீட்டர் பிளக் துளை வழியாக அளக்கும்போது, நல்ல இன்ஜின் வகையைப் பொறுத்து ஏறத்தாழ 20 முதல் 30 பாருக்கு மேல் வரை காட்டும். சிலிண்டர்களுக்கிடையே 3 முதல் 5 பாருக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. அளக்கும் முன் இன்ஜெக்டர்களுக்கு மின் இணைப்பைத் துண்டித்து டீசலை நிறுத்திவிடுங்கள். அளவு குறைந்த சிலிண்டரில் எண்ணெய் ஊற்றிச் சோதிக்கும் பெட்ரோல் இன்ஜின் முறை இங்கே ஏமாற்றும்; டீசல் இன்ஜினின் எரியறை மிகச் சிறியது என்பதால் எண்ணெயே இடத்தை அடைத்துக்கொண்டு பொய்யான உயர்ந்த அளவைத் தரும். அதற்குப் பதிலாக அந்தச் சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்தி, ஏர் ஃபில்டர் பக்கம், சைலன்சர் பக்கம், ஆயில் மூடி, ரேடியேட்டர் ஆகியவற்றில் எங்கே சீறல் கேட்கிறது அல்லது குமிழி எழுகிறது என்று பாருங்கள். முறையே உள்வால்வு, வெளிவால்வு, பிஸ்டன் ரிங், ஹெட் காஸ்கெட் என்று அது காட்டிக்கொடுக்கும். எல்லாச் சிலிண்டர்களிலும் ஒரே மாதிரியாகக் குறைந்திருந்தால், இன்ஜினைப் பிரிக்கும் முன் டைமிங் பெல்ட் ஒரு பல் நழுவியிருக்கிறதா என்று அடையாளக் கோடுகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

குறையைச் சரிசெய்த பிறகு, பட்டறையிலேயே சூடான இன்ஜினை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு வண்டியை ஒப்படைப்பது போதாது. தொடக்கத்தில் எந்தச் சூழலில் சிரமப்பட்டதோ அதே சூழலில், இரவு முழுவதும் நிறுத்தியோ நன்றாக ஓட்டிச் சூடேற்றியோ, மறுபடி ஸ்டார்ட் செய்து எத்தனை நொடியில் பிடிக்கிறது என்று முதல் நாள் குறிப்போடு ஒப்பிடுங்கள். பிழைக் குறியீடுகளை அழித்துவிட்டு, இரண்டு மூன்று நாட்கள் ஓட்டிய பின் அவை திரும்ப வந்திருக்கின்றனவா என்று மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.